நர்ஸாக இருந்த பாட்டிக்கு நினைவு மலர்: எதை எழுதுவது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுதியவரின் பாட்டி சென்ற ஆண்டு 91 வயதில் காலமானார். 1957 முதல் 1992 வரை தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் நர்ஸ். மூன்று பிள்ளைகள். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குக் குடும்பத்தார் ஒரு சின்ன மலர் அச்சடிக்கிறார்கள். எழுதும் பொறுப்பு பேத்தியின் தலையில் விழுந்திருக்கிறது. "அன்பு மனைவி, பாசத் தாய், தன்னலமற்ற செவிலி என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், அதற்கு மேல் ஓடவில்லை" என்கிறார். பாட்டி வேலையைப் பற்றி வீட்டில் வாய் திறந்ததே இல்லையாம். டிரங்குப் பெட்டியில் சர்வீஸ் ரெஜிஸ்டர் (பணிப் பதிவேடு) நகல், முனை மழுங்கிய ஒரு கத்தரிக்கோல், ஊக்கில் மாட்டும் சின்னக் கடிகாரம் ஒன்று. ரெஜிஸ்டரில் 1961 முதல் 1966 வரை காசநோய் வார்டு, அதன்பின் நான்கு வருஷம் வேறு ஊரில் ஆபரேஷன் தியேட்டர். கடைசி இரண்டு வருஷம் மறதி முற்றி, தாத்தாவின் பழைய வேட்டிகளைக் கிழித்துச் சதுரம் சதுரமாக மடித்து ஒரு பையில் அடுக்கிக்கொண்டே இருந்தாராம். அந்தப் பையை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. மாமா வேறு, "வேலையைப் பற்றி அதிகம் எழுதாதே, குடும்பத்தைப் பற்றி எழுது" என்கிறாராம்.

நான் 1971இல் பயிற்சிக்குச் சேர்ந்து 2011இல் ஓய்வு பெற்றவள். உங்கள் பாட்டியின் வயதை ஒத்தவர்கள்தான் எனக்கு ஹெட் நர்ஸ், தியேட்டர் சிஸ்டர், டியூட்டர் எல்லாம். அவர்களிடம் திட்டு வாங்கித்தான் தொழில் கற்றேன். உங்கள் பாட்டியை எனக்குத் தெரியாது. ஆனால் அவருடைய ஒரு நாள் எப்படிப் போயிருக்கும் என்று ஓரளவு தெரியும்.

துணிப் பையிலிருந்தே ஆரம்பிக்கலாம். மறதியில் செய்த வேலை என்று நீங்கள் நினைத்தது அவருடைய நைட் டியூட்டி. இன்று காஸ் துணி, அதாவது புண்ணில் வைக்கும் மெல்லிய வலைத்துணி, வெட்டி, மடித்து, கிருமி நீக்கி உறையில் வருகிறது. அன்றைக்கு வெட்டாத முழுத் துணிச் சுருளாக வரும். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வார்டு அடங்கியதும், மேசை விளக்கின் அடியில் நர்ஸும் ஆயாவும் உட்கார்ந்து அதை வெட்டி மடிப்போம். மடிப்பதற்கு ஒரு முறை உண்டு. வெட்டிய ஓரம் உள்ளே போய்விட வேண்டும், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு நூல்கூட வெளியே தெரியக் கூடாது. புண்ணுக்குள் ஒரு நூல் தங்கினாலும் சீழ் வைக்கும். எங்கள் ஹெட் நர்ஸ் மடித்த துணியை வாங்கி உதறிப் பார்ப்பார். ஒரு இழை விழுந்தால் போதும், அன்று மடித்தது அத்தனையையும் பிரிக்கச் சொல்வார். மடித்தவற்றைப் பக்கவாட்டில் துளை வைத்த எவர்சில்வர் டிரம்மில் அடுக்கி, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு அனுப்ப வேண்டும். அதுவும் இறுக்கி அடுக்கக் கூடாது, ஆவி ஊடே போக இடம் விட வேண்டும்.

நீங்கள் இப்போதே எழுந்து போய் அந்தப் பையில் ஒரு துணியை எடுத்துப் பாருங்கள். கிழித்த ஓரம் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? உள்ளே இருந்தால் நான் சொல்வது சரி. மறதி பேரையும் முகத்தையும் முதலில் கொண்டுபோகும். முப்பது வருஷம் கை பழகிய வேலையைக் கடைசியில்தான் தொடும். பிள்ளைகளின் பேர் மறந்த பிறகும் ஓரத்தை உள்ளே மடிக்க அவருக்கு மறக்கவில்லை என்றால், வேலையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? இரண்டு வருஷமாக உங்கள் கூடத்தில் உட்கார்ந்து அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் வேலைக்கு வந்த காலத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 1946இல் சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான சுகாதாரக் கமிட்டியின் அறிக்கை வந்தபோது பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் நர்ஸுகள் சுமார் 7,000 பேர். 43,000 பேருக்கு ஒருவர் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். மருத்துவர் நிலைமையே தேவலை, 6,300 பேருக்கு ஒருவர். நம் மாகாணத்தில் நர்ஸுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யும் சட்டம் 1926இலேயே வந்துவிட்டது. வேலூர் சி.எம்.சி.யில் 1946இல் பட்டப் படிப்பும் தொடங்கிவிட்டது. படிக்க இடம் இருந்தது, அனுப்பத்தான் வீடுகளுக்கு மனசில்லை. அடுத்தவர் மலமூத்திரம் எடுக்கிற வேலை, தெரியாத ஆம்பளையைத் தொட்டுத் துடைக்கிற வேலை, ராத்திரி வீட்டுக்கு வராத வேலை. பேச்சு அப்படித்தான் இருந்தது. வந்தவர்களில் மிஷன் பள்ளியில் படித்த கிறிஸ்தவப் பெண்கள் அதிகம், மலையாளிகள் அதிகம். மற்ற வீடுகளிலிருந்து வந்தவர்களில் இளம் விதவைகளும், அப்பா இல்லாத வீட்டின் மூத்த பெண்களும் கணிசம். உங்கள் பாட்டி எந்த வாசல் வழியாக வந்தார்? அவரை யார் அனுப்பினார்கள், யார் தடுத்தார்கள்? அவருடைய தங்கையோ தம்பியோ உயிரோடு இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். இந்தப் பதில் இல்லாமல் மலரை ஆரம்பிக்காதீர்கள்.

அடுத்தது கல்யாணம். "அன்பு மனைவி" என்று இரண்டு சொல்லில் முடித்திருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் நர்ஸைக் கட்டிக்கொள்ள முன்வந்தவர், கட்டிக்கொண்ட பிறகும் வேலையை விடச் சொல்லாதவர் என்றால் உங்கள் தாத்தாவைப் பற்றித் தனியாகவே ஒரு பக்கம் எழுதலாம். வேறு சில இடங்களில் வேலை கொடுத்தவர்களே கல்யாணத்தை ஒத்துக்கொள்ளவில்லை. நம் ராணுவத்தின் நர்ஸிங் பிரிவில், கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டு அனுப்பலாம் என்று 1977ஆம் ஆண்டு விதி ஒன்று இருந்தது. 1988இல் அப்படி அனுப்பப்பட்ட ஒரு பெண் அதிகாரி வழக்காடி, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் 60 லட்ச ரூபாய் இழப்பீடு பெற்றார். விதியை 1995இல்தான் திரும்பப் பெற்றிருந்தார்கள். உங்கள் பாட்டி ஓய்வு பெற்றே மூன்று வருஷம் ஆகியிருந்தது அப்போது.

அரசு ஆஸ்பத்திரியில் அந்தச் சிக்கல் இல்லை, வேறு சிக்கல் இருந்தது. கழுத்தில் தாலி இருக்கிற பெண் தினமும் வெள்ளைப் புடவை உடுத்தி வாசலைத் தாண்ட வேண்டும். கையில் வளையல் கூடாது, தலையில் பூ கூடாது. தாலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும், குனியும்போது நோயாளி மேல் படக் கூடாது. எங்கள் அம்மா வீட்டுத் தெருவில் ஒரு கிழவி நான் டியூட்டிக்குப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார், வெள்ளைப் புடவை எதிரே வந்தால் ஆகாது என்று. கண்ணாடி வளையலைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போவேன். திரும்பி வரும்போது தெருமுனையில் நின்று போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவேன், மாமியாருக்காக. இருபத்தெட்டு வருஷம் இப்படி. உங்கள் பாட்டி ஓய்வு பெற்ற பிறகு என்ன நிறப் புடவை உடுத்தினார் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் அதற்குப் பிறகு வெள்ளையைக் கையால் தொடவில்லை. ஒருத்தி வீட்டில் வெள்ளைத் தலையணை உறைகூடக் கிடையாது.

இப்போது ரெஜிஸ்டர். அதை வெறும் அரசாங்கக் காகிதம் என்று ஒதுக்காதீர்கள். முதல் பக்கத்தில் அப்பா பேர், உயரம், அங்க அடையாளம் இருக்கும். இடது முழங்கையில் தழும்பு, வலது கன்னத்தில் மச்சம் என்று ஏதாவது இரண்டு. இருபத்து மூன்று வயதுப் பெண்ணை ஒரு குமாஸ்தா பார்த்து எழுதிய வரி அது. அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று தெரிந்தவர் யாராவது இருப்பார்கள். அப்புறம் இனிஷியலைப் பாருங்கள். அப்பாவின் எழுத்தில் தொடங்கி, ஒரு பக்கத்தில் கணவரின் எழுத்துக்கு மாறியிருந்தால் அதுதான் கல்யாணம் அலுவலகத்துக்குள் வந்த நாள். மாறாமலே கடைசிவரை போயிருந்தால் அதற்கும் ஒரு கதை இருக்கும். பதிவுச் சான்றிதழ் பழைய பேரில் இருந்ததால் மாற்ற அலைய முடியாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

மகப்பேறு விடுப்பு வரிகளை எடுத்துப் பிள்ளைகளின் பிறந்த தேதியோடு வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு இந்த விடுப்பு 90 நாளிலிருந்து ஆறு மாதமானதே 2011இல்தான். 2016இல் ஒன்பது மாதம், 2021இல் ஒரு வருஷம். தொண்ணூறு நாள்தான் கையில் என்றால், பிரசவத்துக்கு முன்னால் எடுக்கும் ஒவ்வொரு நாளும் பிள்ளையோடு இருக்கும் நாளில் கழியும். அதனால் வலி எடுக்கிற வரை நின்று வேலை பார்ப்போம். விடுப்பு தொடங்கிய தேதிக்கும் உங்கள் அம்மா பிறந்த தேதிக்கும் இடையே இரண்டு நாளோ மூன்று நாளோதான் இருக்கிறது என்றால் அதை அப்படியே மலரில் போடுங்கள். பக்கத்தில் எந்த அடைமொழியும் வேண்டாம். ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். மூன்று பிள்ளைகளுக்கு நான்கு விடுப்பு இருந்தால் அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். முதலில் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள். சில வீடுகளில் அந்த நான்காவதைப் பற்றிப் பிள்ளைகளுக்கே தெரிந்திருக்காது.

காசநோய் வார்டுக்கு வருகிறேன். 1961 முதல் 1966 என்கிறீர்கள். உங்கள் அம்மா 1960இல் பிறந்தவர், மாமா 1963. அதாவது கைக்குழந்தை வீட்டில், காசநோய் வார்டு வேலையில். "வேலையிலிருந்து வந்தால் எங்களைத் தொட விடமாட்டார், கிணற்றடிக்குப் போய்க் குளித்து, புடவையை வெந்நீரில் போட்ட பிறகுதான் பக்கத்தில் வரலாம், கண்டிப்பானவர்" என்று அம்மா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கண்டிப்பு இல்லை, பயம். அந்த வார்டுகளில் ஜன்னல்கள் எல்லாம் திறந்தே கிடக்கும், வராந்தாவிலும் கட்டில் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு கட்டிலின் பக்கத்திலும் மூடி போட்ட எச்சில் குவளை. அதை எடுத்து மருந்து ஊற்றிக் கழுவிக் கொதிக்க வைக்கிறவர்கள் வார்டு நர்ஸுகள்தான்.

மருந்து என்று பார்த்தால் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, ஐசோனியாசிட், அப்புறம் பி.ஏ.எஸ். இந்தக் கடைசி மருந்து ஒரு நாளைக்குப் பத்து கிராம் அளவுக்கு உள்ளே போக வேண்டும். வயிற்றைப் புரட்டும். நோயாளி வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, நர்ஸ் திரும்பியதும் ஜன்னல் வழியே துப்பிவிடுவார். முழுங்கும்வரை நிற்க வேண்டும், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசின் கலக்கிக் கலக்கி நர்ஸுகளின் விரல் நுனி தோல் உரியும், கண் இமை தடிக்கும். ஒவ்வாமை வந்து வார்டு மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. உங்கள் பாட்டியின் கைகள் எப்படி இருந்தன? நீங்கள் பிடித்துக்கொண்டு நடந்த கைகள்தானே, ஞாபகம் இருக்கும்.

நம் ஊரில் நடந்த பெரிய காரியம் ஒன்றும் இந்தக் காலத்தை ஒட்டியே வருகிறது. 1956இல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. 193 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் ஆஸ்பத்திரி) சேர்த்தார்கள், மறு பாதியை வீட்டிலேயே வைத்து ஒரு வருஷம் மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மோசம், இடம் நெருக்கடி, ஓய்வு கிடையாது. அப்படியும் 1959இல் வந்த முடிவில் இரு தரப்புக்கும் குணம் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டில் கூட இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு முக்கியக் காரணம். வீடு வீடாகப் போய் மாத்திரையை எண்ணியதும், முன்னறிவிப்பு இல்லாமல் சிறுநீர் வாங்கி மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சோதித்ததும் அந்த மையத்தின் நர்ஸுகளும் ஹெல்த் விசிட்டர்களும்தான். உங்கள் பாட்டி அந்த ஆய்வில் இருந்தார் என்று நான் சொல்லவில்லை, நீங்களும் எழுதிவிடாதீர்கள். ஆனால் கூட இருப்பவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றாது என்ற முடிவு வெளிவந்த பிறகுதான் அவர் அந்த வார்டில் சேர்கிறார். முடிவு வெளியானது உண்மை. கைக்குழந்தையை வைத்திருக்கிற தாயின் பயம் அதைக் கேட்டு அடங்கவில்லை, கிணற்றடிக்குத்தான் போயிற்று. உங்கள் அம்மாவின் நினைவில் கண்டிப்பு என்று தங்கிவிட்ட அந்தக் கால்மணி நேரத்தில் நர்ஸ் எது, தாய் எது என்று பிரிக்க முடியுமா? நீங்கள் மூன்று பட்டத்தைத் தனித்தனியாக எழுத உட்கார்ந்ததால்தான் பேனா ஓடவில்லை. அவருக்கு மூன்றும் ஒரே நாளில், ஒரே உடம்பில் நடந்தவை.

மாமா சொல்வதற்கு இங்கேதான் பதில். 1966க்குப் பிறகு நான்கு வருஷம் வேறு ஊர். பிள்ளைகள் அப்பாவிடமும் அப்பத்தாவிடமும் இருந்திருக்கிறார்கள். மாமாவுக்கு அப்போது மூன்று வயது. "வேலையைப் பற்றி எழுதாதே" என்று அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அவருக்கு அந்த வேலை அம்மாவைக் கொண்டுபோன பஸ். என் பெரிய பெண் இன்றைக்கும் சொல்வாள், "உன் முதுகைத்தான் எனக்கு நல்லா ஞாபகம்" என்று. நைட் டியூட்டி முடிந்து பகலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துத் தூங்குவேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் என் வீட்டுக்காரர் உதட்டில் விரலை வைத்துக் காட்டுவார், "அம்மா தூங்குது." இரண்டு பெண்களுக்கும் தலை வாரி இரட்டைப் பின்னல் போட அவரே கற்றுக்கொண்டார். ரிப்பன் முடிச்சு மட்டும் கடைசிவரை அவருக்கு வரவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்க் கட்டிக்கொள்ளும். உங்கள் வீட்டில் அந்த நான்கு வருஷம் யார் தலை வாரினார்கள்? ஜுரம் வந்தால் யார் முழித்திருந்தார்கள்? மாமாவிடமே கேளுங்கள். அவர் கோபமாகச் சொன்னால் கோபத்தோடே எழுதுங்கள். பதவி உயர்வோடு வந்த மாற்றலா, வேண்டாம் என்றால் வேலை போயிருக்குமா, அந்தச் சம்பளத்தில் எந்தக் கடன் அடைந்தது, இதெல்லாம் தெரிந்தால் அவர் கோபத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஒன்றை வைத்து ஒன்றை அழிக்க வேண்டாம்.

கத்தரிக்கோலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கட்டு வெட்டும் கத்தரி அது. கீழ் அலகின் நுனி மழுங்கலாக, கொஞ்சம் மேலே வளைந்து இருக்கும். கட்டுக்கும் தோலுக்கும் நடுவே விட்டு வெட்டினால் தோல் கீறாது. இடுப்பில் செருகியபடியே இருக்கும். கடிகாரத்தை நெஞ்சில் தலைகீழாகக் குத்திக்கொள்வார்கள், குனிந்து பார்த்தால் நேராகத் தெரியும். மணிக்கட்டில் கட்டினால் கை கழுவ இடைஞ்சல், நோயாளியின் தோலிலும் உரசும். நாடி பிடித்தபடி விநாடி முள்ளைப் பார்க்க அதுதான் தோது. கண்ணாடி ஊசிக்குழலோ ஊசிகளோ பெட்டியில் இல்லையா? அவற்றைக் கொதிக்க வைத்து, ஊசித் துளையில் மெல்லிய கம்பி விட்டு அடைப்பெடுத்து, நுனி மழுங்கினால் கல்லில் தீட்டி, திரும்பத் திரும்பப் போட்டவர்கள் நாங்கள். 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் நாட்டிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமித் தொற்றைக் கண்டுபிடித்த பிறகு ஊசி பற்றிய பயம் வந்தது, போட்டுவிட்டுத் தூக்கி எறிகிற ஊசி மெல்ல மெல்ல எல்லா இடத்துக்கும் வந்தது. உங்கள் பாட்டி பணிக்காலத்தின் பெரும் பகுதியில் ஊசி போடுவது என்றால் ஊசியைத் தயார் செய்வதும் சேர்த்துத்தான்.

எழுதும்போது சிலவற்றை விட்டுவிடுங்கள். "வெள்ளுடை தேவதை" வேண்டவே வேண்டாம். தேவதைக்குச் சம்பளம் வேண்டாம், விடுப்பு வேண்டாம், கால் வலிக்காது. எங்களை அப்படி அழைத்த மேடைகளில் இருந்தவர்கள்தான் ஓவர்டைம் கேட்டபோது காதில் வாங்காமல் போனார்கள். "முகம் சுளிக்காமல் சேவை செய்தார்" என்பதும் வேண்டாம். முகம் சுளித்திருப்பார், சுளித்துக்கொண்டே செய்திருப்பார், அதுதான் கஷ்டம். "ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தார்" என்றும் எண்ணிக்கை கட்டாதீர்கள். பயிற்சிக்காலத்தில் தாமே பார்த்த 20 பிரசவத்தைக் கேஸ் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும், அந்தப் புத்தகத்தைப் பலரும் பத்திரமாக வைத்திருப்பார்கள். பெட்டியின் அடியில் தேடிப் பாருங்கள். கிடைத்தால் அந்த இருபதே போதும்.

நோயாளிகள் அவரை என்னவென்று கூப்பிட்டார்கள் என்றும் விசாரியுங்கள். நகரத்தில் சிஸ்டர், கிராமத்தில் நர்சம்மா, யாழ்ப்பாணம் என்றால் மிஸ்ஸி. எங்கள் வார்டில் ஒரு பாட்டி என்னை ஒரு மாதம் "ஊசிக்காரி" என்றே கூப்பிட்டார். வீட்டுக்குப் போகும் நாளில் மட்டும் பேர் கேட்டார்.

மாதிரிக்கு ஒரு பத்தி கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுச் செய்தியை வைத்தே, நானாக இருந்தால் இப்படித் தொடங்குவேன்: "1961இல் பாட்டி காசநோய் வார்டில் சேர்ந்தபோது அம்மாவுக்கு ஒரு வயது. ஐந்து வருஷம், ஒவ்வொரு நாளும், டியூட்டி முடிந்து வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போவார். குளித்து முடிக்கும்வரை பிள்ளைகள் வாசல்படியைத் தாண்டி வரக் கூடாது. அம்மா அந்தப் படியில் உட்கார்ந்து தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாராம்." இதில் சத்தம் என்னுடைய ஊகம், அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். வேறு ஏதாவது அவர் சொன்னால் அதைப் போடுங்கள்.

கடைசியாக மறுபடியும் அந்தப் பை. தூக்கிப் போடுவதா என்று கேட்டீர்கள். தியேட்டரில் நான்கு வருஷம் இருந்தவர் என்பதால் ஒரு விஷயம் சொல்கிறேன். வயிற்றைத் திறப்பதற்கு முன்னால் எத்தனை துணி மேசைக்கு வந்தது என்று எண்ணுவோம், தைப்பதற்கு முன்னால் மறுபடி எண்ணுவோம். ரத்தத்தில் நனைந்து வாளியில் கிடப்பதைக்கூட இடுக்கியால் எடுத்து விரித்து எண்ண வேண்டும். "கணக்கு சரி" என்று சிஸ்டர் சொல்லாமல் சர்ஜன் தைக்க மாட்டார். எண்ணுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று மடிக்கும்போதே ஐந்து ஐந்தாக அடுக்கி ஒரு நூலால் கட்டிவிடுவோம், எங்கள் தியேட்டரில் அப்படித்தான். உங்கள் பாட்டியின் பையில் கட்டுகள் இருக்கின்றனவா, வெறுமனே அடுக்கியிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டாக இருந்தால் ஒன்றே ஒன்றை மட்டும் பிரித்து எண்ணிப் பாருங்கள். மற்றவற்றைப் பிரிக்க வேண்டாம். எத்தனை இருந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.